நகராமல் ஓடும் கார்: உருளைச் சோதனைமேடையை நாமே அமைக்கலாமா?

புலம்பெயர்ந்து வந்த எமது குடும்பங்கள் பலவற்றில், வீட்டு வாடகைக்கு அடுத்தபடியாகப் பணத்தை விழுங்கும் பொருள் காராகவே இருக்கின்றது. வேலைக்குச் செல்லவும், பிள்ளைகளைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்கு அழைத்துச் செல்லவும், சிலருக்கு அதனை ஓட்டியே பிழைக்கவும் கார் வேண்டியிருக்கின்றது. அந்தக் காரும் பெரும்பாலும் இருவரோ மூவரோ ஓட்டித் தீர்த்த பழைய காராகவே அமைந்துவிடுகின்றது. விற்பவர் "எஞ்சின் அந்தமாதிரி" என்பார். வாங்குபவர் பொனற்றைத் திறந்து பார்ப்பார். உடன் சென்ற நண்பர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத் தலையசைப்பார். அத்துடன் சில ஆயிரம் பவுண்கள் கைமாறிவிடும். அந்த எஞ்சின் உண்மையில் எவ்வளவு வலுவைச் சில்லுக்கு அனுப்புகின்றது என்று எவரும் அளந்து பார்ப்பதில்லை.

அளப்பதற்கு ஒரு கருவி உண்டு. 'றோலிங் றோட்' என்று ஆங்கிலேயர் அழைக்கும் உருளைச் சோதனைமேடையே அது. காரின் சில்லுகளைக் கனத்த உருளைகளின் மீது நிறுத்தி ஓட்டினால், கார் நின்ற இடத்திலேயே நிற்க, வீதி அதன் கீழே சுழலும். பார்க்கிங் நகரின் றிவர் றோட் தொழிற்பேட்டைப் பக்கமாகச் சென்று வருவோர் கராச்சுகளையும் பழைய உதிரிப்பாகங்களையும் அங்கு தாராளமாகக் கண்டிருப்பர். எமது இளைஞர்களில் மோட்டார் வாகனத் தொழிலைக் கற்றவர்களும் கற்று வருபவர்களும் பலர். இத்தகைய மேடையொன்றை நாமே செய்துகொள்ள முடியுமா என்ற கேள்வி அவர்களிடமிருந்து எழுவது இயல்பே. முடியும் என்பதே எமது விடை. ஆனால் எதற்காக, எந்த அவதானத்துடன் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கின்றது.

எம்.ஓ.ரி. சோதனைக்குச் சென்றவர்கள் அங்கு நிலத்தில் பதித்த உருளைகளைப் பார்த்திருப்பார்கள். அவை வேறு. அங்கே மின்மோட்டார் உருளையைச் சுழற்ற, உருளை சில்லை மெதுவாகச் சுழற்றுகின்றது. சாரதி பிறேக்கை அழுத்தும்போது சில்லு எவ்வளவு முரண்டு பிடிக்கின்றது என்பதையே அந்தக் கருவி அளக்கின்றது. 2010 செப்டெம்பரிலோ அதற்குப் பின்னரோ முதன்முதலாக வீதிக்கு வந்த கார் எனின் பிறேக்கின் திறன் 58 சதவீதமாவது இருக்க வேண்டும். அதற்கு முந்தியதாயின் 50 சதவீதம் போதும். வலுவை அளக்கும் மேடையில் நிலைமை தலைகீழானது. எஞ்சின் சில்லைச் சுழற்றும். சில்லு உருளையைச் சுழற்றும். முரண்டு பிடிப்பது உருளையின் வேலை.

இதனை விளங்கிக்கொள்ள எம்மவர்க்குப் பெரிய பாடநூல் தேவையில்லை. 1990 இல் போர் மீண்டும் மூண்டு, யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று, பொருளாதாரத் தடை இறுகிய ஆண்டுகளில் வானொலி கேட்பதற்கு நாம் என்ன செய்தோம்? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவின் சிறிய தலையை ரயரோடு பொருத்தி, பெடலைக் கையால் சுற்றினோம். டைனமோவில் எதனையும் இணைக்காதபோது பெடல் இலகுவாகச் சுற்றியது. வானொலியை இணைத்ததும் சற்று இறுகியது. கூடவே ஒரு மின்குமிழையும் இணைத்தால் கை வலிக்கத் தொடங்கியது. ரயர் ஓர் உருளையைச் சுழற்ற, அந்த உருளை தன் சுமைக்கேற்ப எதிர்த்து நிற்கின்றது. உருளைச் சோதனைமேடையின் தத்துவம் முழுவதும் அந்த முற்றத்துச் சைக்கிளில் அடங்கியிருந்தது. டைனமோ, டைனமோமீற்றர் ஆகிய இரு சொற்களும் வலுவைக் குறிக்கும் ஒரே கிரேக்கச் சொல்லின் வழிவந்தவை என்பதையும் இங்கு குறிப்பிடலாம்.

அதே காலத்தில் ஏ-40 ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல் அமுக்கத்தைத் தாங்காது. எஞ்சின் தட்டும், புகை கக்கும், ஏற்றத்தில் இழுக்காது. எமது மெக்கானிக்குமார் இக்னிசனைச் சற்றுப் பிந்த வைத்து, காதால் கேட்டுக் கேட்டே அதனைச் சமாளித்தார்கள். அந்தக் காதுகளை நாம் ஒருபோதும் குறைத்து மதிப்பிட மாட்டோம். ஆயினும் காது கேட்டதை எழுதி வைக்க முடியாது. நேற்றைய ஓசையை இன்றைய ஓசையோடு தராசில் வைக்கவும் முடியாது. இலக்கம் அதனைச் செய்யும்.

வலுவை அளக்கும் முயற்சி பழையது. பிரான்சின் கஸ்பார் த புரோனி 1821 இல் சுழலும் தண்டை மரக்கட்டைகளால் இறுகப் பற்றி, அதிலிருந்து நீண்ட கையின் நுனியில் எடையைத் தொங்கவிட்டு அளந்தார். பெரிய எஞ்சின்களுக்கு அந்தக் கட்டைகள் புகைந்து கருகின. கப்பல் எஞ்சின்களைச் சோதிக்க வேண்டியிருந்த இங்கிலாந்தின் வில்லியம் ஃபுரூட் 1877 இல் மரத்துக்குப் பதிலாக நீரைப் பயன்படுத்தினார். இன்று பெரும்பாலும் காந்தமே அந்த வேலையைச் செய்கின்றது. பாரவண்டிகளிலும் பேருந்துகளிலும் இறக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்குப் பொருத்தப்படும் 'ரெல்மா' எனும் மின்காந்தத் தடுப்பு, பழைய வண்டிகள் உடைக்கப்படும் இடங்களில் கிடைப்பதுண்டு. வீட்டில் மேடை செய்வோர் உலகெங்கும் தேடி அலையும் பொருள் அதுதான்.

ஆயினும் முதன்முறையாகச் செய்பவருக்குத் தடுப்பே வேண்டியதில்லை. கனத்த உருளை ஒன்றே போதும். ஓய்விலிருக்கும் கனத்த பொருள் அசைய மறுக்கும். அந்தச் சடத்துவமே சுமையாகின்றது. உருளையின் திணிவும் விட்டமும் தெரிந்து, அது எவ்வளவு நேரத்தில் எந்த வேகத்திலிருந்து எந்த வேகத்துக்கு ஏறியது என்பதும் தெரிந்தால், வலுவைக் கணக்கிட்டுவிடலாம்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். க.பொ.த. உயர்தரத்தில் பௌதிகம் படித்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் பென்சிலைக் கொடுங்கள். 40 சென்ரிமீற்றர் விட்டமும் அரை மீற்றர் நீளமும் கொண்ட இரண்டு திண்ம உருக்கு உருளைகள் ஒரே தண்டில் இருப்பதாகக் கொள்வோம். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 986 கிலோகிராம் இருக்கும். திண்ம உருளையின் சடத்துவம், அதன் திணிவில் பாதியை விளிம்பில் வைத்ததற்குச் சமம். ஆகவே சில்லுகளுக்கு அது 493 கிலோகிராம் சுமையை நேர்வீதியில் தள்ளுவது போலத் தோன்றும். காரை நான்காவது கியரில் வைத்து, மணிக்கு 40 கிலோமீற்றரிலிருந்து 100 கிலோமீற்றர் வரை முழுமூச்சாக ஏற்றினால் உருளை பெற்றுக்கொள்ளும் சக்தி ஏறத்தாழ 1,60,000 யூல். அதற்கு நான்கு செக்கன்கள் எடுத்தன எனின், செக்கனுக்கு 40,000 யூல், அதாவது சராசரியாக 40 கிலோவாற்று. குதிரைவலுவில் சொன்னால் சுமார் 54. கணக்கு இவ்வளவுதான். மேடை விற்கும் நிறுவனங்களின் கணினித் திரையில் வளைந்து எழும் அழகிய கோடுகளுக்குப் பின்னால் இருப்பதும், சிறு சிறு கணங்களுக்கு மீண்டும் மீண்டும் செய்யப்படும் இதே கணக்குத்தான்.

திண்ம உருக்கு வாங்குவது கட்டுப்படியாகாது. அங்கேதான் உருளையின் வடிவம் கைகொடுக்கின்றது. அதே விட்டத்தில் 25 மில்லிமீற்றர் தடிப்புள்ள சுவரைக் கொண்ட குழாயை எடுத்தால், ஒரு மீற்றர் நீளத்துக்கு 231 கிலோகிராம் வரும். அது சில்லுக்குத் தரும் சுமை 204 கிலோகிராம். கொடுத்த இரும்பில் 88 சதவீதம் வேலை செய்கின்றது. திண்ம உருளையிலோ பாதிதான். எடை விளிம்பில் இருப்பதே ஆதாயம். ஆனால் இந்தக் குழாயைத் தண்டோடு இணைக்கும் பக்கத் தட்டுகளையும் ஒட்டுகளையும் வீட்டு முற்றத்தில் ஒட்டி முடித்துவிடலாம் என்று எவரும் எண்ணக்கூடாது. உருளை முழுவதையும் ஒட்டிய பின்னர் கடைசற் பட்டறையில் கொடுத்துத் தண்டுக்கு ஒத்த மையத்தில் கடைந்து, சமநிலைப்படுத்தியும் எடுக்க வேண்டும். மேடையில் பணத்தை மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் இது ஒன்றே. சட்டத்தையும், சாய்தளத்தையும், மூடிகளையும் பழைய இரும்பில் செய்யலாம். பெயாரிங்கையும் தண்டையும் புதிதாகவே வாங்க வேண்டும்.

வேகத்தை அறிவதற்குப் பெரிய செலவில்லை. உடைக்கப்படும் கார்களில் ஏ.பி.எஸ். பிறேக்குக்கான பல் வளையமும் அதன் உணரியும் கிடைக்கும். 48 பற்களுள்ள வளையத்தை உருளையின் தண்டில் பொருத்தினால், மேலே சொன்ன உருளை மணிக்கு 100 கிலோமீற்றரில், அதாவது நிமிடத்துக்கு 1,326 சுற்றுகளில் சுழலும்போது, செக்கனுக்கு ஏறத்தாழ 1,060 துடிப்புகள் வரும். அவற்றை எண்ணிக் கணினிக்கு அனுப்புவதற்குப் பாடசாலைப் பிள்ளைகள் விளையாடும் சிறிய மின்னணுப் பலகை ஒன்று போதும். தந்தை இரும்பை ஒட்ட, மகளோ மகனோ மென்பொருளை எழுதும் வேலை இது. இந்நாட்டில் பிறந்த பிள்ளைகளோடு சேர்ந்து செய்வதற்கு எமது ஆண்களுக்கு அதிகம் வேலைகள் அகப்படுவதில்லை என்பதையும் இடையில் சொல்லி வைக்கின்றோம்.

சடத்துவ மேடைக்கு ஒரு குறை உண்டு. ஓட்டம் சில செக்கன்களில் முடிந்துவிடும். ஒரே வேகத்தில் எஞ்சினை நிறுத்திவைத்து, சுமையின் கீழ் அது சூடேறுகின்றதா, தட்டுகின்றதா என்று பார்க்க முடியாது. அதற்குத்தான் ரெல்மா போன்ற தடுப்பு. அதன் உடலைச் சுழலவிடாமல் ஒரு கையால் பிடித்து, அந்தக் கையின் நுனியில் மின்னணுத் தராசின் உணரியைப் பொருத்துவர். கை ஒரு மீற்றர் நீளம் எனின், அதன் நுனியில் 10 கிலோகிராம் படிக்கல்லைத் தொங்கவிட்டால் 98 நியூற்றன் மீற்றர் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திருத்த வேண்டும். முறுக்கத்தை நிமிடச் சுற்றுகளால் பெருக்கி 9,549 ஆல் வகுத்தால் கிலோவாற்று வந்துவிடும். உருளை 1,326 சுற்றுகளில் 288 நியூற்றன் மீற்றர் காட்டினால் விடை அதே 40 கிலோவாற்றுத்தான். இரண்டு வழிகளும் ஒரே விடையைத் தருகின்றனவா என்று பார்ப்பதே மேடையைச் செய்தவர் தனக்குத்தானே வைக்கும் பரீட்சை.

இனி அந்த இலக்கத்தின் நேர்மையைப் பற்றி. சில்லில் அளக்கப்படும் வலு, காரின் விளம்பரத்தில் அச்சிட்ட எஞ்சின் வலுவைவிடக் குறைவாகவே இருக்கும். கியர்ப்பெட்டியும் ரயரும் தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. பத்தில் ஒரு பங்கு தொடக்கம் ஐந்தில் ஒரு பங்கு வரை போகலாம். வளைந்த உருளையில் அமுங்கும் ரயர் தட்டையான வீதியைவிட அதிகமாக நசிந்து சூடேறும். கிளச்சை அழுத்திவிட்டு, உருளை தானாக வேகம் குறைந்து நிற்க எடுக்கும் நேரத்தை அளந்து இந்த இழப்பை ஓரளவு கணிக்கலாம். ரயரின் காற்றழுத்தம் குறைந்தாலும், கட்டிய பட்டி இறுகினாலும், அன்றைய காற்று வெப்பமாக இருந்தாலும் இலக்கம் மாறும். ஆகவே, ஒரு மேடையின் இலக்கத்தை இன்னொரு மேடையின் இலக்கத்தோடு ஒப்பிட்டு "என் காருக்கு 120 குதிரை, உன்னுடையதற்கு 110" என்று வாதிடுவதில் பொருளில்லை. ஒரே மேடையில், ஒரே கார், பழுது பார்ப்பதற்கு முன்னர் எவ்வளவு, பின்னர் எவ்வளவு என்ற ஒப்பீட்டுக்கே அது பெறுமதியானது.

உலகின் பெருநிறுவனங்களுக்கே இந்த நேர்மை இருக்கவில்லை. கார்களின் புகை உருளை மேடையில் வைத்தே சோதிக்கப்பட்டது. ஸ்ரியறிங் திரும்பாமை, வேகம் ஏறி இறங்கும் ஒழுங்கு முதலிய குறிகளிலிருந்து தான் மேடையில் நிற்பதை ஃபொக்ஸ்வாகன் டீசல் காரின் கணினி அறிந்துகொண்டது. அந்த நேரத்தில் மட்டும் புகையைச் சுத்தமாக்கியது. வீதியில் இறங்கியதும் பழைய குணம் திரும்பியது. அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியாப் பல்கலைக்கழகத்தினர் கருவிகளைக் காரிலேயே ஏற்றி வீதியில் ஓட்டிப் பார்த்ததே இந்தக் குட்டு வெளிப்படுவதற்கு வழிவகுத்தது. 2015 செப்டெம்பரில் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் அதனைப் பகிரங்கப்படுத்தியது. நைதரசன் ஒட்சைட்டுகள் அனுமதித்த அளவைவிட 40 மடங்கு வரை வெளிவந்திருந்தன. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வாகனங்களில் அந்த மென்பொருள் இருந்தது. அவற்றை நம்பி வாங்கியவர்களில் எமது குடும்பங்களும் அடங்கும்.

புகையின் பெயரால் வரும் செலவை நாம் நேரடியாகவே அறிவோம். 2023 ஆகஸ்ற் 29 அன்று இலண்டனின் மிகக்குறை புகை வலயம் பார்க்கிங்கையும் உள்ளடக்கியது. யூரோ 4 தரத்துக்குக் கீழான பெற்றோல் காருக்கும் யூரோ 6 தரத்துக்குக் கீழான டீசல் காருக்கும் நாளொன்றுக்கு 12 பவுண் 50 பென்ஸ் என விதிக்கப்பட்டது. இந்தத் தரத்தை வீட்டு மேடையில் ஓட்டி மாற்றிவிட முடியாது; "நான் ரியூன் பண்ணித் தருகிறேன், கட்டணம் வராது" என்று எவராவது சொன்னால் அவரிடமிருந்து விலகி நடப்பதே நல்லது. எம்.ஓ.ரி. சான்றிதழுக்கும் அவ்வாறே: அங்கீகாரம் பெற்ற நிலையத்தின் சோதனை மட்டுமே செல்லும்.

அப்படியாயின் பயன்தான் என்ன? கிளச் வழுக்குகின்றதா என்பது மேடையில் உடனே தெரியும். எஞ்சினின் சுற்று ஏற, உருளையின் வேகம் அதனோடு சேர்ந்து ஏறாது. சும்மா நிற்கும்போது ஒழுங்காக ஓடி, ஏற்றத்தில் மட்டும் விக்கும் எஞ்சினின் பழுதை, ஏ-13 நெடுஞ்சாலையில் எவருடைய உயிரையும் பணயம் வைக்காமல் கண்டுபிடிக்கலாம். வேகமானி பொய் சொல்கின்றதா என்றும் பார்க்கலாம். சட்டப்படி அது சற்றுக் கூட்டிக் காட்டலாம், குறைத்துக் காட்டக்கூடாது. பழைய கார் வாங்குவோர் அதன் எம்.ஓ.ரி. வரலாற்றையும் ஒவ்வொரு முறையும் பதிவான மைல்களையும் இலக்கத்தகட்டைக் கொண்டு அரசாங்கத்தின் இணையப் பக்கத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அதனை முதலில் செய்துவிட்டு மேடைக்கு வருவது புத்தி. எஞ்சினின் வலுவைக் கூட்டும் மாற்றம் எதுவாயினும் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் விட்டுவிட்டு விபத்து நேர்ந்தால், இழப்பு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழக்கூடும். இளைஞர்களிடம் இதனை வற்புறுத்திச் சொல்கின்றோம்.

பார்க்கிங்கிற்கு அடுத்துள்ள டாகென்ஹமில் ஃபோர்ட் தொழிற்சாலை 1931 இல் தொடங்கி, 2002 இல் கார் பொருத்துவதை நிறுத்தும்வரை ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாகனங்களை வெளியேற்றியது. அதன் பின்னரும் அங்கு எஞ்சின்கள் தயாராகின. கார்த் தொழிற்சாலைகளில் பொருத்தி முடித்த வண்டியை உருளையில் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அங்கு உருளை நிலத்துக்குள் கொங்கிறீட்டில் பதிந்திருக்கும். சுற்றிவர வேலியும் பயிற்சி பெற்ற ஆட்களும் இருப்பார்கள். வீட்டுக் கராச்சில் இவை இல்லை. எனவேதான் பின்வருவதைச் சற்று விரிவாக எழுதுகின்றோம்.

மேலே சொன்ன 986 கிலோகிராம் உருளை மணிக்கு 100 கிலோமீற்றரில் தேக்கி வைத்திருக்கும் சக்தி, ஒரு தொன் எடையுள்ள காரைப் பத்தொன்பது மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது ஆறு மாடிக் கட்டடத்தின் கூரையிலிருந்து, கீழே விடுவதற்குச் சமமானது. எஞ்சினை நிறுத்தினாலும் அது நிற்காது. ஆகவே உருளையை நிறுத்துவதற்கெனத் தனியாக ஒரு பிறேக் வேண்டும். காரை நான்கு பட்டிகளால் நிலத்தில் ஊன்றிய வளையங்களோடு கட்ட வேண்டும். சீமெந்துத் தரையில் ஒட்டிய வளையம் போதாது. முன்சில்லால் ஓடும் கார் உருளையின் மீது பக்கவாட்டில் நழுவப் பார்க்கும். சாரதி ஸ்ரியறிங்கைப் பிடித்தபடியே இருக்க வேண்டும். ரயரின் பற்களுக்கிடையில் சிக்கிய கல் துப்பாக்கிச் சன்னம்போலப் பறக்கும். காரின் முன்னாலும் பின்னாலும் நேர்கோட்டில் ஒருவரும் நிற்கக்கூடாது. பிள்ளைகள் கணினியோடு வேறு அறையில் இருக்கட்டும். உருளையின் திறந்த பகுதிகள் யாவும் மூடப்பட வேண்டும். சாறி, சால்வை, தாவணி எதுவும் அந்தப் பக்கம் வரவே கூடாது.

இவை கண்ணுக்குத் தெரியும் அபாயங்கள். காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவை மூடிய கராச்சில் முழுவேகத்தில் ஓடும் எஞ்சின் சில நிமிடங்களில் ஆளை மயக்கி உயிரையும் எடுத்துவிடும். குளிருக்காகவோ அயலவரின் முறைப்பாட்டுக்குப் பயந்தோ கதவை மூட நினைப்பவர், மேடை செய்யும் எண்ணத்தையே மூடிவிடலாம். புகைக்குழாயில் தடித்த குழாயைப் பொருத்தி வெளியே செலுத்த வேண்டும். றேடியேற்றருக்கு முன்னால் பெரிய விசிறி வேண்டும். தீயணைக்கும் கருவி கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். எமது கருத்தில், குடியிருப்புக்குரிய கராச் இதற்கு உகந்த இடமன்று. அங்கு பணம் வாங்கித் தொழில் செய்வதாயின் மாநகரசபையின் அனுமதியும் தேவைப்படலாம். மாடிக் குடியிருப்புகளின் கீழ் அதனை நினைத்தும் பார்க்கக்கூடாது. நாலைந்து பேர் சேர்ந்து தொழிற்பேட்டையில் ஓர் அலகை வாடகைக்கு எடுத்து, பொதுப் பொறுப்புக் காப்புறுதியும் எடுத்துச் செய்வதே நெறி. அதற்கு வசதியில்லாதோர், மேடை வைத்திருக்கும் கராச் ஒன்றில் ஒரு மணிநேரத்தை வாடகைக்குப் பெறுவது செய்வதைவிட மலிவாகவே முடியும்.

செய்து முடித்தவர்கள் முதல்நாளே காரை ஏற்றக்கூடாது. மின்மோட்டாரும் பட்டியும் கொண்டு உருளையைத் தனியே, மணிக்கு 30 கிலோமீற்றருக்குரிய வேகத்தில் கால் மணிநேரம் சுழலவிட்டு, முற்றாக நின்ற பின்னர் பெயாரிங் கூடுகளில் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று மற்றையதைவிடச் சூடாக இருந்தால் தண்டு நேராக அமையவில்லை. சட்டத்தின் மீது ஒரு குவளை நீரை வைத்தால், நடுக்கத்தை அதன் பரப்பு காட்டிக்கொடுக்கும். அடுத்த நாள் 60, அதற்கடுத்த நாள் 100. ஒவ்வொரு நாளும் ஒட்டுகளைத் துலக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்து, ஆணிகளின் தலையில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, கோடு விலகியிருக்கின்றதா என்று கவனிக்க வேண்டும். ஒரு கிழமை அந்தக் கோடுகள் விலகாதிருந்தால் காரை ஏற்றலாம்.